ஒரு 'ன்' இடம் மாறிய கதை

இன்னைக்கு ஒரு சின்ன சொல் வரலாறு.

நியூட்னு ஒரு உயிரினம் இருக்கு. பார்க்க பல்லி மாதிரி இருக்கும். ஆனா உடம்புல செதில் கிடையாது, பல்லியை விட தவளைக்குத்தான் நெருங்கின சொந்தம். நம்ம ஊர்ல இல்லை. இந்தியாவுல பார்க்கணும்னா டார்ஜிலிங் பக்கம் போகணும்.

மருத்துவ உலகத்துக்கு இது மேல தனி மரியாதை. ஒரு ஆய்வுல நியூட்களோட கண் லென்ஸை 16 ஆண்டுகளில் 18 முறை எடுத்தாங்க. ஒவ்வொரு முறையும் புது லென்ஸ் வளர்ந்துச்சு! நமக்குக் கண்புரை வந்தா செயற்கை லென்ஸ்தான்.

சரி, பெயருக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இதன் பெயர் 'எஃபெட்டா'. வாய்க்கு வாய் தேய்ந்து 'எவுட்' ஆச்சு. ஆங்கிலத்தில் 'ஒரு' என்பதற்கு 'அ'. அடுத்து உயிர் ஒலி வந்தா 'அன்'. ஆக, 'அன் எவுட்'.

வேகமா சொல்லிப் பாருங்க: 'அனெவுட்'. கேட்டவங்க அதை 'அ நெவுட்'னு பிரிச்சுக்கிட்டாங்க. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அப்படியே எழுத்திலும் ஏறி, பின்னாடி 'நியூட்' ஆயிடுச்சு.

பழைய சொல்லும் சாகலை. 'எஃப்ட்' என்ற வடிவத்தில் இருக்கு. அமெரிக்காவில் ஒரு வகை நியூட், நிலத்தில் திரியும் இளம்பருவத்தில் இருக்கும்போது அதுக்கு இதுதான் பெயர்.

இதுக்கு நேர்மாறாவும் நடந்திருக்கு. சமையல்ல கட்டுற ஏப்ரன் முன்பு 'நேப்ரன்'. அதோட 'ந' முன்னாடி இருந்த 'அ' கூட ஒட்டிக்கிச்சு.

ஆரஞ்சும் ஐரோப்பாவுக்குப் போன வழியில 'ந'வைத் தொலைச்ச சொல்தான். அரபியில் 'நாரஞ்ச்', பாரசீகத்தில் 'நாரங்', சமஸ்கிருதத்தில் 'நாரங்க'. அதுக்கும் மூலம் நம்ம 'நாரத்தை'யோட உறவான திராவிடச் சொல் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

பாருங்க, அகராதியில கம்பீரமா நிக்கிற சொல்லே யாரோ காதுல தப்பா விழுந்ததுதான்.

ஓபியில 'இஸ்கேன்'னு சொல்றவங்களைப் பார்த்துப் பக்கத்துல இருக்கிறவங்க சிரிப்பாங்க. அந்தக் கூச்சத்துல முக்கியமான அறிகுறியையே சொல்லாம போறவங்க உண்டு. அதுதான் ஆபத்து.

உங்க வாய்க்கு வர்ற சொல்லுலயே சொல்லுங்க. புரிஞ்சுக்க வேண்டியது எங்க வேலை.