மண்சரிவு இடர் மதிப்பீடு (வீட்டு விரிவாக்கம்)

இலங்கை மலையகத்தில், செங்குத்துச் சரிவை ஒட்டிய வீட்டோடு புது அறை சேர்க்குமுன் நிலத்தின் உறுதியைச் சோதிப்பது. பதுளை, நுவரெலியா, கண்டி போன்ற மாவட்டங்களின் அபாயப் பகுதிகளில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். ஆபத்து பெரும்பாலும் அறையின் பாரத்தில் இல்லை. இடம் பிடிக்க மலையடியை வெட்டுவதில்தான் இருக்கிறது. அடி போனால் மேல்மண்ணுக்குத் தாங்கல் இல்லை. மழைநீர் ஊறி, மண்துளைகளில் அழுத்தம் ஏற, பிடிமானம் தளரும். சுவரில் படிக்கட்டுபோல் ஏறும் வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, சாயும் மரம், புதிதாய்க் கசியும் கலங்கல் நீர் ஆகியவை அறிகுறிகள். தடுப்புச்சுவரில் நீர் வடியத் துளை விடாவிட்டால், சுவரே சரிந்துவிடக்கூடும். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை, மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் பற்றி முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது.