பஞ்சு படியும் வீட்டில் தூய்மை

சோமனூரிலும் கருமத்தம்பட்டியிலும் வீட்டை ஒட்டித் தறிக்கூடம் உள்ள குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியலில் பெருக்கிய தரையில் நண்பகலுக்குள் வெண்ணிறப் படலம் ஒன்று படிந்துவிடும். மின்விசிறியின் இறகிலும், சன்னல் கம்பியிலும், மடித்து வைத்த தொழுகைப் பாயின் விளிம்பிலும், உறங்கும் குழந்தையின் தலைமுடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். உறவினர் புறப்பட்டுவிட்டார்கள் என்று தொலைபேசியில் செய்தி வந்ததும் வீட்டுப் பெண்கள் சீமாற்றைத் தேடி ஓடுவதையும், வந்தவர் அமர்ந்தபின் "வீடு கிடக்கிற கிடையைப் பார்க்காதீங்க" என்று கூசியபடி சொல்வதையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கூச்சம் எப்போது, எங்கிருந்து நம் வீடுகளுக்குள் வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விசைத்தறிக்கு முன்பும் கொங்கு நாட்டில் நெசவு வீட்டுக்குள்தான் நடந்தது. குழித்தறியில் நெசவாளர் காலைக் குழிக்குள் இறக்கி அமர்ந்திருக்க, சில அடிகள் தள்ளி அடுப்பு எரியும். பாவு தெருவில் நீளும். பிள்ளைகள் தார் சுற்றுவார்கள். பணியிடம், சமையலறை, படுக்கையறை என்ற பிரிவு அங்கில்லை. ஆயினும் அவ்வீட்டை ஒழுங்குபடுத்துவது எளிது. ஏனெனில் பொருள்களே குறைவு. பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினால் படுக்கையறை கூடமாகிவிடும். இன்று நாம் அடுக்கி அடுக்கி ஓய்ந்துபோவது பெரும்பாலும் அழுக்கினால் அன்று, பொருள்களின் பெருக்கத்தினால் என்பதை நினைவில் வைப்பது நலம்.

அக்காலத்திலும் ஒரே தெருவில் ஒரே அளவுகோல் இருந்ததில்லை. சாணம் மெழுகிய தரை அண்டை வீட்டாருக்குத் தூய்மையின் அடையாளம். நம் ஹனஃபி சட்ட நூல்களோ சாணத்தை நஜீஸின் கணக்கில் வைக்கின்றன. அசுத்தம் பட்ட மண் தரை காய்ந்து, அதன் தடயமும் வாடையும் நீங்கிவிட்டால் அதில் தொழலாம் என்பதும் அதே நூல்களின் தீர்ப்பே. ஒருவருக்குத் துப்புரவாகத் தோன்றுவது மற்றவருக்கு வேறாகத் தோன்றும். இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் சண்டையின்றி வாழ்ந்தார்கள்.

இந்த நிலையைப் பிளேக் மாற்றியது. 1896இல் பம்பாயில் தோன்றிய அந்நோய், 20ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் கோயம்புத்தூரை மீண்டும் மீண்டும் தாக்கியது. நகரில் இன்றும் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த அச்சத்தின் நினைவுச் சின்னங்கள். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பது சில ஆண்டுகளுக்குப் பின்னரே உறுதிப்பட்டது. அதற்கு முன் அரசு கையாண்ட வழி, வீட்டுக்குள் புகுந்து சோதிப்பது, வெளியேற்றுவது, மருந்து தெளிப்பது. 1897இல் பூனாவில் நடந்த வீட்டுச் சோதனைகள் எத்தகைய கொந்தளிப்பை உண்டாக்கின என்பதை வரலாறு பதிவுசெய்துள்ளது. பர்தா பேணிய குடும்பங்களுக்கு அந்நியர் உள்ளறைக்குள் நுழைந்து மூலைகளைப் பார்வையிடுவது நோயினும் கொடிதாக இருந்திருக்கும். வீட்டின் தூய்மையை வெளியாள் வந்து மதிப்பிடலாம், தவறினால் அது குடும்பத்தின் குற்றமாகும் என்ற எண்ணத்தின் வேரை நாம் இங்கேதான் காண்கிறோம். விருந்தினர் முன் நாம் கூசும் கூச்சத்தில் பழைய சோதனை அதிகாரியின் நிழல் சற்று விழுந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

பிளேக் நன்மைக்கும் வழி திறந்தது. நகரின் நெரிசலுக்கு வெளியே அகன்ற தெருக்கள் அமைந்தன. நகராட்சித் தலைவராயிருந்த இரத்தின சபாபதி முதலியார் போன்றோரின் முயற்சியால் 1931இல் சிறுவாணி நீர் கோயம்புத்தூருக்கு வந்தது. அடுத்த ஆண்டே பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. குழாய் நீர் துப்புரவின் தரத்தை உயர்த்திற்று. மின்சாரமோ ஆலைகளைப் பெருக்கி, பின்வந்த பத்தாண்டுகளில் சோமனூர் வட்டாரத்துக்கு விசைத்தறியைக் கொண்டுவந்து, அதே தரத்தைக் காப்பாற்ற முடியாதபடி பஞ்சையும் வீட்டுக்குள் அனுப்பியது. இந்த முரண்பாட்டைச் சுமந்தவர்கள் பெண்கள்.

இனி மார்க்கத்தின் அளவுகோலைப் பார்ப்போம். தூய்மை ஈமானின் பாதி என்ற நபிமொழியைச் சிறுவயதிலேயே மனனம் செய்துவிடுகிறோம். ஆனால் சட்ட அறிஞர்கள் அந்தத் தூய்மையை எவ்வளவு நுட்பமாகப் பிரித்தார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. நஜீஸ் வேறு, தூசி வேறு. சிறுநீர்த் துளி விஷயத்தில் அலட்சியம் கப்ரின் வேதனைக்குக் காரணமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பால்குடிக் குழந்தையின் சிறுநீர் பட்ட துணியைக் கழுவியே ஆகவேண்டும் என்பது ஹனஃபிகளின் நிலை. பாலன்றி வேறுணவு உண்ணாத ஆண் குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும் என்று ஷாஃபிஈகள் சொல்வர். இங்கே தளர்வுக்கு இடம் குறைவு. தூசியின் நிலை முற்றிலும் வேறு. நீர் கிடைக்காதபோது மண்ணையே தூய்மைக்குரிய பொருளாக ஆக்கியது நம் மார்க்கம். (பஞ்சுத் தூசியில் தயம்மும் செய்யலாமா என்று யாரும் கேட்டுவிட வேண்டாம், அது மண்ணினம் அன்று.) உளூவையும் தயம்முமையும் விதிக்கும் அல்மாயிதா 6ஆம் வசனம், அல்லாஹ் நம்மீது சிரமத்தைச் சுமத்த நாடவில்லை என்ற செய்தியையும் உடன் தருகிறது.

தவிர்க்க இயலாதவற்றை மார்க்கம் எப்படி நோக்குகிறது என்பதற்கு அபூ கதாதா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி சான்று. அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிக்க வந்தது. பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்புடன் நோக்கவே, பூனை நஜீஸ் அல்ல, அது உங்களைச் சுற்றி வரும் பிராணி என நபி (ஸல்) கூறியதை எடுத்துச் சொன்னார்கள். வீட்டுக்குள் எப்போதும் சுற்றி வருவதை விலக்க முடியாது என்பதே இங்கு சட்டத்தின் காரணமாகிறது. இதே வழியில், மழைக்காலத் தெருச்சேறு ஆடையில் தெறிப்பதையும் அறிஞர்கள் மன்னிக்கப்பட்டதாகக் கொண்டார்கள். தெருச்சேற்றுக்கே சலுகை உண்டென்றால், இயல்பிலேயே தூய்மையான பஞ்சு எங்கே நிற்கிறது?

நபியின் இல்லத்தையே எண்ணிப் பார்ப்போம். ஆயிஷா (ரலி) அவர்கள் படுத்திருக்கும்போது நபி (ஸல்) இரவில் தொழுவார்கள்; ஸஜ்தாவுக்கு இடம் வேண்டும்போது கையால் தொடுவார்கள், அவர்கள் காலை மடக்கிக்கொள்வார்கள். அவ்வளவு சிறிய அறை, விளக்கும் இல்லை. வீட்டில் நபி என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரமானால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். இந்த ஹதீஸை மேடையில் கேட்டு நெகிழும் ஆண்களில் எத்தனை பேர் வீடு திரும்பிச் சீமாற்றைத் தொட்டிருப்பார்கள் என்று கேட்பது நாகரிகமன்று, கேட்காமலிருப்பதும் நேர்மையன்று. திரிகை சுற்றிக் கைகள் காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) பணியாளர் கேட்டுச் சென்றபோது நபி (ஸல்) திக்ரைக் கற்றுத் தந்தார்கள் என்பதை நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்தக் காய்ப்பை யாரும் குறையாகப் பேசவில்லை, அது பதிவுசெய்யப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி பெண்களுக்காக எழுதிய பிஹிஷ்தீ ஸேவர், மார்க்கச் சட்டங்களுடன் வீட்டுப் பொருள்களை எடுத்த இடத்தில் திரும்ப வைப்பதையும் போதித்தது. பலர் புழங்கும் வீட்டில் இருட்டில் தேடுபவருக்குப் பொருள் கிடைக்கவேண்டும் என்ற பரிவு அந்த ஒழுங்கில் உண்டு. இன்று கைப்பேசித் திரையில் காணும் வெறுமையான கூடங்களுக்கும் அந்தப் பரிவுக்கும் தொடர்பில்லை. ஆறு பேர் வாழும் வீட்டை, யாரும் வாழாததுபோல் காட்சியளிக்கும் வீட்டோடு ஒப்பிட்டு மணமகளின் குணத்தை அளக்கும் வழக்கத்தை நாம் பெண் பார்க்கச் செல்லும் இடங்களிலும் காண்கிறோம். அது அநீதி.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்பதல்ல. குடிநீர் சில நாள்களுக்கு ஒருமுறை வரும் ஊர்களில் தொட்டியும் அண்டாவும் நிரம்பியே இருக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது; முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடுவது, விருந்தினர் கண்ணில் படாத வேலை என்றாலும், கூடத்தை மெருகேற்றுவதைவிட முந்தையது. பஞ்சுத் தூசியும் நெஞ்சுக்குக் கேடு. தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையே கதவு, குழந்தை படுக்கும் இடத்தில் ஈரத்துணியால் துடைத்தல், தொழுமிடத்தில் நஜீஸ் இன்மை ஆகியவற்றைக் கண்டிப்புடன் பேணிவிட்டு மற்றவற்றில் மூச்சுவிட்டுக் கொள்ளலாம்.

சோமனூர்த் தறிகள் பெரும்பாலும் கூலிக்கு ஓடுபவை. வணிகர் பாவும் ஊடை நூலும் தருவார். நெய்த மீட்டருக்குக் கூலி. அந்தக் கூலியை உயர்த்தக் கோரி 2022இலும் 2025இலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டன. அந்த வாரங்களில் பெருக்கிய தரை மாலைவரை பெருக்கியபடியே இருந்தது. சன்னல் கம்பியில் பஞ்சில்லை. மளிகைக் கடையில் கடன் ஏறியது. பின்னர் தறி ஓடத் தொடங்கிய முதல் நாளே படலம் மீண்டும் படிந்தது. பெண்கள் அதைப் பெருக்கித் தள்ளிவிட்டு அஸருக்குப் பாயை விரித்தார்கள்.