தோம்பும் நிலப்படமும்

நிலத்தை ஆள விரும்பிய அரசெல்லாம் முதலில் அதனை எழுத்திலே பிடிக்க முயன்றன. ஈழத்தில் அம்முயற்சிக்குச் சிறந்த சான்று தோம்பு. சொல் போர்த்துக்கேயர் தந்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் தோம்பெழுதினர். குடும்பத்தாரைப் பதிவது தலைத்தோம்பு. காணியையும் பயன்மரங்களையும் பதிவது நிலத்தோம்பு. இறையும் ஊழியமும் பெறுதலே அதன் நோக்கமன்றிக் குடிகளின் நலமன்று. எனினும் வரிக்காக எழுதிய ஏடே பிற்காலத்தில் உரிமைக்குச் சான்றாயிற்று.

பிரித்தானியர் 1800 இல் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, காடும் தரிசும் மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. எழுத்தில்லாதவன் காடிழந்தான் என்க. பின்னர் 1897 இல் தொடங்கி 1924 இல் முடிந்த ஓரங்குலப் படத்தொகுதி, மைலுக்கு ஓரங்குலமாகக் குளம், காடு, வீதி யாவும் காட்டிற்று.

அப்படத்தில் அடங்காதது யாது? கொழும்புத்துறை போன்ற ஊர்களின் பழைய உறுதியொன்றை விரித்து நோக்குக. காணிக்கு ஒரு பெயர். வரகுப் பரப்பாயின் ஏக்கருக்குப் பதினாறு, நெற்பரப்பாயின் இருபத்துநான்கு. நாற்புறமும் அயலார் காணிகளே எல்லை. அத்துடன் கிணற்றிற் பங்கு, நீர்வாய்க்கால், வழிவாய்க்கால், வான்பயிர், தான்பயிர். நிலம் ஒருவர்க்கும் அதில் நட்ட மரத்தின் பயனிற் பங்கு மற்றொருவர்க்கும் உரியவாதலை, 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையே கூறும். ஆறில்லாக் குடாநாட்டில், சுண்ணக்கற்பாறையுள் உவர்நீர்மேல் மிதக்கும் நன்னீரே வாழ்வு. ஆதலின் கிணற்றுப்பங்கு காணியினும் பெரிது. நொத்தாரிசுமார் இதனை அறிந்தே எழுதினர்.

1995 ஒக்டோபரில் வலிகாம மக்கள் பெயர்ந்தபோது பலர் உறுதிகளையும் இழந்தனர். வேலியும் எல்லைப் பனையும் அழிந்த இடத்தில், அயலார் நினைவே தோம்பாயிற்று. அவ்வயலாரும் கடல் கடந்து போயினராயின் யாரை வினவுவது?

இன்று செயற்கைக்கோள் எடுத்த படத்தின்மேல் காணியெல்லை, மண், நிலத்தடிநீர், காடு ஆகிய தரவுகளைக் கணினியில் அடுக்கடுக்காகப் பொருத்தலாம். 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம், அளந்த படத்தோடு உரிமையையும் இணைத்துப் பதிய வழிசெய்தது. நன்றே. ஆனால் வானிலிருந்து நோக்குங் கருவிக்குக் கிணறு தெரியும். அக்கிணற்றில் நான்கிலொரு பங்கு எவர்க்குரியது என்பது தெரியாது. அதனை ஊரவர் வாய்மொழியாலும் எஞ்சிய உறுதிகளாலுமே நிரப்பவேண்டும். அவற்றை நன்கறிந்த முதியோர் இருக்கும்போதே நிரப்பவேண்டும்.