மேட்டூர் அணை மீன்பிடிப்பு

சேர்வராயன் மலைக்கு நேர் மேற்கே, காவிரியின் குறுக்கே அமைந்த மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் நடைபெறும் நன்னீர் மீன்பிடித் தொழில். அம்மலைமேல் உள்ள ஏற்காட்டு ஏரி படகுச் சவாரிக்குப் பெயர்பெற்றது. ஆனால் சேலம் மாவட்டத்தின் மீன்பிடி வரலாற்றை அறிய விரும்புவோர் மலையிறங்கி மேட்டூருக்குத்தான் வரவேண்டும்.

1925இல் தொடங்கிய அணை வேலை முடிந்து, 1934 ஆகஸ்ட் 21 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி இந்த அணையைத் திறந்துவைத்தார். முழு நீர்மட்டமான 120 அடிக்கு நீர் நிரம்பினால் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பல ஊர்கள் நீருக்குள் போயின. மட்டம் இறங்கும் காலங்களில் பண்ணவாடிப் பகுதியில் பழைய நந்திச் சிலையும் தேவாலயக் கோபுரமும் இன்றும் வெளியே தெரிகின்றன. மூழ்கிய அந்த நிலத்தின் மேல்தான் பரிசல்கள் போகின்றன. செவுள் வலை வகையைச் சேர்ந்த ரங்கூன் வலை விரிக்கப்படுகிறது.

அணைக்கு முன்பு இது ஆற்று மீன்களின் காவிரி. வெள்ளக் காலத்தில் கடலிலிருந்து கொள்ளிடம் வழியே உள்ளம் மீன் ஏறி வரும். கல்லணையும் மேலணையும் கீழணையும் ஏற்கெனவே அதன் வழியை நெருக்கியிருந்தன. மேட்டூர் வெள்ளத்தையே தேக்கிவிட்டபின் உள்ளம் அருகிப்போனது. ஆற்றின் மேலும் கீழும் போய் முட்டையிட்டுப் பழகிய நாட்டுக் கெண்டைகளும் குறைந்தன. காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மகசீர் இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனம். பாசன நன்மையைப் பேசும்போது இந்த இழப்பையும் சேர்த்தே பேசவேண்டும்.

காலியான இடத்தை வெளியூர் மீன்கள் நிரப்பின. கோதாவரியின் கட்லா காவிரிக்குக் கொண்டுவரப்பட்டு நிலைபெற்றது. ரோகும் மிர்காலும் தொடர்ந்தன. இந்தியப் பெருங்கெண்டைகளான இவை மூன்றும் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை, ஓடும் வெள்ளம் வேண்டும். ஆகவே குஞ்சுகளை ஆறுகளில் அரித்தெடுக்கும் நிலை நெடுநாள் நீடித்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சவுத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசிமூலம் செலுத்தி இந்தியப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதன்பிறகு பண்ணைகளிலேயே குஞ்சு பொரிக்க முடிந்தது. நீர்த்தேக்கங்களில் ஆண்டுதோறும் குஞ்சு விடும் வழக்கத்துக்கு அது அடித்தளமானது. 1952இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியா, சந்தையில் ஜிலேபி, யாரும் விடாமலேயே பெருகுகிறது. சிறிய வலைக்காரர்களுக்குப் பல நாள் அதுவே கூலி.

கட்லா, ரோகு, மிர்கால், அரஞ்சான், கெளுத்தி, வாளை ஆகியவை இன்றைய வரத்து. அணையோரக் கடைகளின் வறுவலுக்காகவே பலர் மேட்டூருக்கு வருகிறார்கள். ஆனால் மீனவரின் வருமானம் கர்நாடகம் திறந்துவிடும் நீரையும் மழையையும் நம்பியே இருக்கிறது. மட்டம் சரசரவென இறங்கும் கோடையில் மீன்கள் செத்து மிதப்பதும் உண்டு.

குஞ்சு விடும் திட்டங்கள் விரைவில் எடை கூடும் பெருங்கெண்டைகளையே பெரிதும் சார்ந்துள்ளன. காவிரியின் சொந்த மீன்களையும் பண்ணைகளில் வளர்த்து இந்த அணையில் விடுவதை மீன்வளத் துறை தன் முதல் கடமையாகக் கொள்ளவேண்டும்.