குற்றாலத்தில் கம்பெனி நட்ட ஜாதிக்காய்

தோட்டம் போடுவது பெரிய விஷயமில்லை. போட்டவர் போன பிறகு அதை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் சிக்கல். குற்றாலத்தில் இந்தக் கேள்வி இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு.

1795-இல் பிரெஞ்சுப் படை ஹாலந்தைப் பிடித்தது. அதைச் சாக்காக வைத்து ஆங்கிலேயர்கள் 1796-இல் டச்சுக்காரர்களின் அம்பாய்னா, பாண்டா தீவுகளைக் கைப்பற்றினார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் அங்கேதான் விளைந்தன; டச்சுக்காரர்கள் வெளியே ஒரு கன்று போகவிடாமல் காத்து வந்த சரக்கு. கம்பெனி உடனே கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தோட்டக்காரரை அனுப்பியது. கேப்டன் பிளை ஈரப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோன இரண்டாவது பயணத்தில் கூடப் போன ஆள் இவர். பல்லாயிரம் கன்றுகள் கப்பல் ஏறி பினாங்குக்கும் கல்கத்தாவுக்கும் போயின. நம் பக்கம் நட இடம் தேடியபோது கண்ணில் பட்டது குற்றாலம்.

இடம் சரியான இடம்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனியிலேயே சாரல் வந்துவிடும். ஐப்பசியில் வடகிழக்கு மழை வேறு.

ஆனால் ஜாதிக்காய் மரத்தில் ஒரு வம்பு உண்டு. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதை போட்டு ஆறேழு வருஷம் தண்ணீர் ஊற்றி, பூ விட்ட பிறகுதான் எது எதுவென்று தெரியும். ஆணாக இருந்தால் காய் கிடையாது. அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும். கம்பெனியோ விலைப்பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கிற கடை. 1802-இல் ஆமியன் ஒப்பந்தப்படி தீவுகள் டச்சுக்காரர்களிடமே திரும்பின. ஆனாலும் சில வருஷத்துக்குள் பினாங்குத் தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது. குற்றாலத்து மரங்களும் பிற்பாடு தனியார் கைக்குப் போயின. மலையில் இன்றும் ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் விளைகிறது. எல்லாம் எஸ்டேட் சரக்கு.

1830-களில் இங்கே வந்தவர் ராபர்ட் வைட். பட்டாளத்து டாக்டர், செடிப் பைத்தியம். அவர் குற்றாலத்தில் சேர்த்த செடிகள் காய்ந்த தாள்களாக கியூவிலும் எடின்பரோவிலும் இருக்கின்றன. அவருக்காகப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களின் பெயரும் தப்பியது நம் அதிர்ஷ்டம்.

இந்த வைட் பங்கெடுத்த இன்னொரு காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1835-இல் சென்னையில் அக்ரி-ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி தொடங்கியது. கதீட்ரல் பக்கத்தில் தோட்டம். உறுப்பினர்கள் சேர்ந்து சங்கமாக நடத்துவது. விதை வாங்குவது, கன்று கொடுப்பது, மலர்க் கண்காட்சி வைப்பது. அதிகாரிகளும் கனவான்களும் கூடிய சங்கம்தான், ஊர்ச் சங்கம் என்று நாம் ஏமாற வேண்டாம். ஆனாலும் கம்பெனியே கலைந்து போய், அதன் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் சங்கம் நின்றது. கடைசியில் மரத்தால் வரவில்லை வினை, நிலத்தால் வந்தது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலுக்கு விட்டிருந்த இடத்தை நீண்ட வழக்குக்குப் பிறகு அரசு எடுத்துக்கொண்டது. 2010-இல் அது செம்மொழிப் பூங்கா ஆனது. நானும் அங்கே நடந்திருக்கிறேன், நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நாம் பார்வையாளர்கள், அவ்வளவுதான்.

திரும்பக் குற்றாலத்துக்கு வருவோம். குற்றாலநாதர் கோயிலின் தல விருட்சம் குறும்பலா. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் அந்தப் பலாவுக்கென்றே தனிப் பதிகம் பாடியிருக்கிறார். கோயிலுக்கு ஒரு பதிகம், மரத்துக்கு ஒன்று! அந்த மரத்தை யாரும் ஏலம் விட முடியாது, குத்தகைக்கும் விட முடியாது. ஒரு மரம் பட்டால் அதே இடத்தில் இன்னொரு பலாவை வைப்பார்கள், பெயர் குறும்பலாதான்.