வெல்லச் சிப்பமும் இன்சுலினும்

எங்களுடையது வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். சித்தூரில் வெல்ல மண்டி வைத்து மூன்று தலைமுறை ஆகிறது. நீரிழிவு கண்டிருந்த என் தகப்பனார், இன்சுலின் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுப்பது என்று அறிந்ததும், "ஐயறிவு உயிரைக் கொன்னுதான் நான் பிழைக்கணுமா?" என்று ஊசியை மறுத்துவிட்டார். 1979-இல் காலமானார். இன்று நான் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். இடையில் நடந்தது என்ன என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருப்பதிக்குப் போகும் சிப்பத்தில் மார்க்கு இல்லாவிட்டால் அது லாரி ஷெட்டிலேயே கிடக்கும். உயிரணுவிலும் அப்படித்தான். ரைபோசோம் என்னும் பட்டறையில் (அதன் கட்டமைப்பை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர்) இன்சுலின் உருவாகும்போது முதலில் தலைநீட்டுவது 24 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு. அதுவே விலாசம். சரக்கு முடியும் முன்பே ஒரு துகள் அதை அடையாளம் கண்டு, பட்டறையோடு சேர்த்து அகச்சவ்வு வலையின் வாசலுக்குக் கொண்டுபோகிறது. உள்ளே நுழைந்ததும் விலாசம் வெட்டப்படுகிறது. பிறகு கோல்கி உறுப்பு. அங்கிருந்து சிறு பைகள். பைக்குள் நடுத்துண்டு ஒன்றும் நீங்கி, 51 அமினோ அமிலங்களோடு இன்சுலின் இரத்தத்துக்குப் போகிறது.

இந்த விலாசக் கருத்தை 1971-இல் சபாட்டினியோடு சேர்ந்து முன்வைத்தவர் குந்தர் புளோபெல். 1999-இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தை, டிரெஸ்டன் நகரில் போரில் இடிந்த தேவாலயத்தையும் ஒரு யூத ஜெபக்கூடத்தையும் கட்டக் கொடுத்துவிட்டார். வியாபாரியான எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்தது.

தகப்பனார் போன அதே 1979-இல், கலிபோர்னியாவில் ராண்டி ஷெக்மனும் அவர் மாணவர் பீட்டர் நோவிக்கும், சரக்கை வெளியே அனுப்பமுடியாமல் தேங்கிப்போகும் ஈஸ்ட் வகையைப் பற்றி எழுதினார்கள். எந்த மரபணு கெட்டால் எந்த இடத்தில் தேங்கும் என்று பின்னர் ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தார்கள். ஷெக்மனுக்கு 2013-இல் நோபல். ஈஸ்டின் அனுப்பும் வழியும் நம் உயிரணுவின் வழியும் ஒன்றே என்பது அதில் தெளிவாயிற்று.

1982-இலேயே பாக்டீரியாவில் செய்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அங்கே சரக்கு உள்ளேயே கட்டிநிற்கும். பாக்டீரியாவை உடைத்துத்தான் எடுக்கணும். ஈஸ்டோ தானே வெளியே தள்ளும். நம் பக்கத்து பெங்களூரில் பயோகான் நிறுவனம் பிச்சியா என்ற ஈஸ்டில் செய்த மனித இன்சுலினை 2004-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

"ஈஸ்டும் ஓரறிவு உயிர்தானே?" என்று எங்கள் பெரியவர் ஒருவர் கேட்டார். கீரையும் ஓரறிவுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தகப்பனார் ஒப்புக்கொண்டிருப்பாரா, எனக்குத் தெரியாது. காலையில் ஊசி போடும்போது அவர் படம் மாட்டிய கூடத்தில் உட்காருவதில்லை; பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.