தோல் மின்கடத்தல் அளவீடு

மன அழுத்தத்துக்கு நரம்பு மண்டலம் காட்டும் எதிர்வினையைத் தோலின் மின்கடத்துதிறனைக் கொண்டு அறியும் முறை. பதற்றத்தில் உள்ளங்கை வியர்ப்பதை எல்லோரும் அறிவோம். அந்த ஈரம் கையில் படும் முன்பே, வியர்வைச் சுரப்பியின் குழாய்களில் உப்புநீர் ஏறத் தொடங்கும். உடனே தோல் மின்சாரத்தை முன்னைவிட எளிதாகக் கடத்தும். கருவி பிடிப்பது அந்தக் கணத்தை.

1888இல் பிரெஞ்சு மருத்துவர் சார்ல் ஃபெரே நோயாளிகளின் முன்கை வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினார். புலன்களைத் தூண்டியபோதும் உணர்ச்சியைக் கிளறியபோதும் கால்வனோமீட்டரின் முள் அசைந்தது. 1890இல் ரஷ்ய உடலியலாளர் இவான் தர்கானோவ், வெளியிலிருந்து மின்சாரம் தராமலேயே தோலில் மின்னழுத்த மாற்றத்தைக் கண்டார். அவருடைய சோதனைகளில் மனக்கணக்குப் போட்டாலே முள் நகர்ந்தது. உணர்ச்சி எதுவும் இல்லாமலும் முள் நகரும் என்ற இந்த ஒரு செய்தியைப் பின்வந்தவர்கள் மறவாதிருந்தால் பல தவறுகள் நேர்ந்திரா. சூரிச்சில் உளமருத்துவர் கார்ல் யுங் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, எந்தச் சொல்லுக்கு முள் துள்ளுகிறது என்று பார்த்தார். 1907இல் அந்த ஆய்வு வெளியானது.

இதயத்தைப் பரிவு நரம்புகள் முடுக்குகின்றன, எதிர்ப்பரிவு நரம்புகள் அடக்குகின்றன. எனவே நாடித்துடிப்பு கூடினால் காரணம் எந்தப் பக்கம் என்று உடனே சொல்ல முடியாது. வியர்வைச் சுரப்பிகளுக்கோ பரிவு நரம்புகள் மட்டுமே கட்டளையிடுகின்றன. தோல் அளவீட்டின் தனிச்சிறப்பு இதுதான். இரு விரல்களில் மின்வாய் பொருத்தி, சுமார் அரை வோல்ட் கொடுத்து, மாற்றத்தை மைக்ரோசீமென்ஸ் அலகில் குறிப்பார்கள். தூண்டல் நிகழ்ந்து ஒன்று முதல் மூன்று விநாடிக்குள் வரைகோடு மேலேறும்.

ஏறியதற்குக் காரணம் அச்சமா, மகிழ்ச்சியா, வெறும் திடுக்கிடலா என்பதைக் கோடு காட்டாது. அப்படியிருந்தும் 1930களில் அமெரிக்காவின் லெனார்ட் கீலர் இதை ‘பொய் கண்டறியும்’ கருவியில் சேர்த்தார். குற்றமற்றவரும் விசாரணை அறையில் நடுங்குவார்; அவர் உள்ளங்கையும் வியர்க்கும். இந்தியாவில் 2010இல், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், சம்மதமின்றி ஒருவரைப் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படுத்துவது அரசியலமைப்புக்கு முரண் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மருத்துவத்தில் தோல் அளவீட்டின் பயன் வேறு. கடும் வலிப்பின்போது பரிவு நரம்புகள் பொங்கி எழுவதால் தோலின் கடத்துதிறன் சட்டென உயரக்கூடும். அதையும் கையின் உதறலையும் சேர்த்துக் கவனித்து வீட்டாரை எச்சரிக்கும் மணிக்கட்டுக் கருவிக்கு 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது.